முப்பத்தாறாவது படம்

ஆடாதீங்கன்னுதான் சொன்னேன். வேற ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலை. செத்த பிள்ளையை நாற்காலியில உட்கார வச்சிருக்கு. பக்கத்துல பெத்த அம்மா நிக்கிறாங்க. உச்சந்தலையிலேருந்து பாதம் வரைக்கும் அவங்களுக்கு உதறுது. எனக்கு ஷட்டர் ஒரு செகண்டு திறந்து மூடணும். அதுக்குள்ள ஆள் ஆடினா படத்துல புகை மாதிரிதான் விழும். அதனால ஆடாதீங்கக்கான்னேன். இது குத்தமா அண்ணாச்சி?

நீங்களே சொல்லுங்க. நீங்களும் கழுத்துல கேமரா போட்டிருக்கீங்க. விலை கம்மியா, ஸ்லோ கலர் ஃபிலிம் ரோல் எது வாங்கலாம்னு பஸ் ஏறினதுமே என்கிட்ட கேட்டீங்க. உங்களுக்குப் புரியும். எங்க தெருவுல ஒருத்தருக்கும் புரியாது. ஒரு மாசமா எனக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசுறதில்லை. டீக்கடைக்காரன்கூட கிளாஸைக் கையில தர்றதில்லை, டொக்குன்னு பலகையில வச்சிட்டுப் போறான்.

அந்த டியூப்பு மேல காலை வச்சிராதீங்க. உள்ள பெரிய பிரிண்ட் இருக்கு, மடங்கினாப் போச்சு. தூத்துக்குடியில ஒரு போட்டோ சங்கத்துல போட்டி வச்சிருக்காங்க. ‘உப்பு’ன்னு தலைப்பு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள கொண்டுபோய்க் கொடுக்கணும். நடுவுல எடைமேடை ஸ்டாப்புல அம்மா ஒரு வேலை சொல்லியிருக்காங்க. அது வரும்போது பார்க்கலாம்.

முதல்ல ரோல். நானூறு ஸ்பீடு வாங்காதீங்க. விலையும் கூட, பெரிசு பண்ணினா கல்லுப்பு மாதிரி பொரிப்பொரியாத் தெரியும். ஐம்பது வந்து தூளுப்பு. எவ்வளவு இழுத்தாலும் வழுவழுன்னு நிக்கும். நூறு எல்லாக் கடையிலயும் கிடைக்கும், கல்யாண வீட்டுக்காரங்களுக்கு அது போதும். நான் எடுக்கிறது உப்பளம். உச்சி வெயில்ல உப்பளத்துல நின்னு பார்த்திருக்கீங்களா? கீழேயும் ஒரு சூரியன் இருக்கும். அந்த வெளிச்சத்துக்கு ஐம்பதுதான் சரி.

புது ஐம்பது நம்ம கைக்கு எட்டாது. துறைமுக ரோட்டுல, கப்பல்காரங்ககிட்ட சாமான் வாங்கி விக்கிற கடை ஒண்ணு இருக்கு. அங்க தேதி முடிஞ்ச ரோல் பாதி விலைக்குக் கிடைக்கும். பயப்படாதீங்க. தேதி முடிஞ்சா நானூறுதான் சீக்கிரம் மங்கும், ஐம்பது தாக்குப்பிடிக்கும். ஃபிரிட்ஜுல வச்சிருந்தீங்களான்னு கேளுங்க. ஆமான்னுதான் சொல்லுவான். நீங்க டப்பாவைத் தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கணும். சினிமா ஃபிலிமை வெட்டிச் சுத்தித் தர்றாங்களே, அதை மட்டும் வாங்கிராதீங்க. முதுகுல கரிப்பூச்சு இருக்கும். லேப் மெஷின்ல போட்டா மருந்தே கெட்டுப்போயிரும், உங்களைத் தேடி வந்து அடிப்பான். அப்புறம், தேதி முடிஞ்ச ஐம்பதை ஐம்பதுன்னு நம்பாதீங்க. டயலை இருபத்தஞ்சுல வைங்க. பழசுக்கு ரெண்டு மடங்கு வெளிச்சம் கொடுக்கணும்.

அதுல ஒரே ஒரு கஷ்டம். நிழல்ல எடுத்தா ஷட்டர் ரொம்ப நேரம் திறந்திருக்கணும், அதுவரைக்கும் எதுவும் ஆடக் கூடாது. ஸ்டாண்டு போட்டுட்டா கேமரா ஆடாது. எதிர்ல இருக்கிறதும் ஆடக் கூடாது. உப்பு ஆடாது. அதனால எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, அந்த வியாழக்கிழமை வரைக்கும்.

நான் கிங்ஸ்டன். பத்தாவதோட படிப்பை நிறுத்திட்டேன். கணக்குல ஃபெயில். ஆனா ஃபெயில் ஆனதுக்காக நிறுத்தலை. மறுபடி அதே பெஞ்சுல உட்கார்ந்து அதே கணக்கைப் போட எனக்குப் பொறுமை இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுறவன் நான், அதனால இதையும் சொல்லுறேன். கேமரா எங்க சித்தப்பா கொண்டுவந்தது. கப்பல்ல சமையல்காரர் அவர். ஃப்ளாஷ் கொண்டுவரலை.

எங்க வீட்டுலேருந்து மூணாவது வீடு ஞானசெல்வி அக்கா. உப்பளத்துல வேலை. அவங்க வீட்டுக்காரர் ஜெபராஜ் அண்ணன் லாரி ஓட்டுறார். இங்கேருந்து உப்பு ஏத்திக்கிட்டு அஸ்ஸாம் வரைக்கும் போவார். போனா இருபது நாள், இருபத்தஞ்சு நாள். ஒரே பிள்ளை, ஷைனி. நாலு வயசு. நான் கேமராவைத் துடைக்க வெளியே எடுத்தாப் போதும், எங்கேருந்துதான் வருவாளோ, வந்து முன்னால நின்னுருவா.

“மாமா, என்னய ஒண்ணு எடு மாமா.”

“நீ ஆடுவே. போ.”

“ஆட மாட்டேன்.”

சொல்லிக்கிட்டே ஆடுவா. ஒரு நிமிஷம் ஒரு இடத்துல நிக்காது அது. ஃபோகஸ் வைக்கிறதுக்குள்ள பாவாடையைத் தூக்கிச் சுத்தும். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம்தான் அண்ணாச்சி. ஆடுற பிள்ளைக்கு அதுல ஒண்ணைக் கொடுக்க முடியுமா? அவங்க அப்பா கிறிஸ்மஸுக்கு ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தார். அதனால அந்தப் பிள்ளைக்கு ஒரு படமும் கிடையாது. பிறந்ததிலேருந்து ஒண்ணுகூட.

அக்டோபர்ல முதல் மழை வந்துச்சு. மழை வரப்போகுதுன்னா எங்க ஊர்ல முதல்ல அம்பாரத்தை மூடணும். வருஷம் பூரா வாரின உப்பு மலை மலையாக் குவிஞ்சு கிடக்கும், அதுக்கு ஓலை மேயலைன்னா ஒரே ராத்திரியில கரைஞ்சு கடலுக்கே போயிரும். கங்காணி வீடு வீடா வந்து பொம்பளைகளைக் கூப்பிட்டார். ஷைனிக்கு அன்னைக்குக் காய்ச்சல். ஞானசெல்வி அக்கா மாமியார்கிட்ட பிள்ளையை விட்டுட்டு அரை நாள் ஓலை போடப் போனாங்க. திரும்பி வந்து பார்த்தா பிள்ளைக்குக் கண்ணு மேல சொருகுது. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியில ரெண்டு நாள். ரெண்டு நாளும் அக்கா மடியிலேருந்து இறக்கலைன்னு எங்க அம்மா சொன்னாங்க, கூட இருந்தவங்க அவங்கதான். மூளைக்காய்ச்சல். வியாழக்கிழமை காலையில கொண்டுவந்துட்டாங்க.

எஸ்.டி.டி. பூத்துலேருந்து லாரி ஆபீஸுக்குப் பேசினாங்க. வண்டி எங்கேயோ பீகார் பக்கம், சொல்லிவிட வழியில்லைன்னுட்டான். டவுன்ல ஸ்டுடியோக்காரருக்குச் சொல்லிவிட்டாங்க. தரைப்பாலத்துல தண்ணி ஓடுது, வர முடியாதுன்னுட்டார். மழை நாள், பிள்ளை உடம்பு தாங்காது, சாயங்காலத்துக்குள்ள அடக்கம் பண்ணிரணும்னு சர்ச் ஐயர் சொல்லிட்டுப் போனார். அப்பத்தான் அம்மா என்கிட்ட வந்தாங்க.

“ஏல கிங்ஸ்டன், கேமராவை எடு. அவ அப்பன் வந்து எதைப் பாப்பான்? ஒரு படமாவது வேணும்லா.”

என் ரோல்ல முப்பத்தி மூணு ஓடியிருந்துச்சு. மூணு பாக்கி. நான் அந்த மூணை எதுக்கு வச்சிருந்தேன் தெரியுமா? முதல் மழை விட்டதும் ஒரு அஞ்சு நிமிஷம் வெயில் அடிக்கும். பாதி ஓலை போட்ட அம்பாரம், கீழ தண்ணி, மேல கருமேகம், நடுவுல அந்த வெயில். வருஷத்துக்கு ஒரு தரம்தான் வரும். போன வருஷம் என்கிட்ட ரோல் இல்லை. இந்த வருஷம் அதுக்குன்னே காத்திருந்தேன்.

இருந்தாலும் போனேன். போகாம இருந்தேனா? போனேன்.

வீட்டு முன்னால ஓலைப் பந்தல். மழை இருட்டு. ஷைனிக்கு வெள்ளை கவுன் போட்டு, பவுடர் போட்டு, நாற்காலியில வச்சு, சாயாம இருக்க இடுப்புல ஒரு துண்டைச் சுத்திப் பின்னால முடிச்சுப் போட்டிருந்தாங்க. எங்க பக்கம் அப்படித்தான், கடைசிப் படத்துக்கு உட்கார வச்சுத்தான் எடுப்பாங்க. நான் ஸ்டாண்டைப் போட்டு மீட்டர்ல வெளிச்சம் பார்த்தேன். ஒரு செகண்டு காட்டுச்சு. லென்ஸை முழுசாத் திறந்திருந்தா அரைக்கால் செகண்டுல முடிஞ்சிருக்கும், அவங்க ஆட்டம்கூட அவ்வளவாத் தெரிஞ்சிருக்காது. அதையும் சொல்லிடுறேன். ஆனா முழுசாத் திறந்தா என் லென்ஸுல ஓரமெல்லாம் மங்கும். மங்கலாப் படம் எடுக்கிறவன் நான் இல்லை.

அக்கா வந்து நாற்காலி பக்கத்துல நின்னாங்க. பிள்ளை தோள்ல கையை வச்சாங்க. கை வச்சதும் நாற்காலியே ஆடுது.

“ஆடாதீங்கக்கா.”

“சரி தம்பி.”

“மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு செகண்டு நில்லுங்க. அழுகையை அப்புறம் வச்சுக்கிடலாம்.”

பந்தல்ல இருந்த பொம்பளைங்க எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. எதுக்குப் பார்க்கிறாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. ஸ்டுடியோக்காரரும் இதைத்தான சொல்லுவார்? என்ன, அவர் தலையைச் சாய்ச்சுக்கிட்டு மெதுவாச் சொல்லுவார். விஷயம் ஒண்ணுதான்.

அக்கா முயற்சி பண்ணினாங்க. பல்லைக் கடிச்சாங்க, கண்ணை இறுக்கி மூடினாங்க. முட்டி ரெண்டும் தனியா ஆடுது. மூணு தரம் பார்த்தேன். நாலாவது தரம் நான் கேமராவுலேருந்து தலையைத் தூக்கிட்டேன்.

“அக்கா, நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க. பிள்ளையை மட்டும் எடுக்கிறேன். அவ ஆடாம இருக்கா.”

மெதுவாத்தான் சொன்னேன். அக்காவுக்கும் பக்கத்துல இருந்த எங்க அம்மாவுக்கும் மட்டும்தான் கேட்டுச்சு. அக்கா என் கிட்ட வந்தாங்க.

“தம்பி, அவுஹ வந்து பாக்கும்போது பிள்ளை தனியா இருக்கக் கூடாதுப்பா. நான் கூட இருந்தேன்னு அவுஹளுக்குத் தெரியணும். நான் வேண்டாம். என் கை மட்டும் விழட்டும். தோள்ல கை மட்டும்.”

“கை ஆடுச்சுன்னா ஆவி மாதிரி விழும்க்கா. நல்லா இருக்காது.”

நகர்ந்துட்டாங்க. நானும் எடுத்தேன். ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும்னு ரெண்டு எடுத்தேன். முப்பத்தி நாலு, முப்பத்தஞ்சு.

அப்பத்தான் அம்மா என் சட்டையைப் பிடிச்சு இழுத்தாங்க.

“ஏல, பெத்தவ ஆடாம என்ன செய்வா. ஆடினா ஆடிட்டுப் போறா. அவளையும் சேத்து ஒண்ணு எடு.”

“ரோல் முடிஞ்சிருச்சும்மா.”

கேமரா மேல சின்னதா ஒரு ஜன்னல் இருக்குல்ல, நம்பர் தெரியுமே, அது மேல கட்டைவிரலை வச்சிருந்தேன். வேணும்னு வைக்கலை. கை அங்கதான் இருந்துச்சு.

அது பொய்னு சொல்ல வர்றீங்களா? முடிஞ்ச மாதிரிதான அண்ணாச்சி. அந்த ஒண்ணு வேற வேலைக்குன்னு ஒதுக்கி வச்சாச்சு. ஒதுக்கி வச்சது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நாலரை மணிக்குத் தூக்கினாங்க. சின்னப் பெட்டி. ஆம்பளைங்க தூக்க வந்தாங்க, அக்கா கொடுக்கலை. ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு அவங்களே முன்னால நடந்தாங்க. கல்லறைத் தோட்டத்துக்கு உப்பளத்து வரப்பு வழியாத்தான் போகணும். நான் கூடப் போகலை. வரப்புக்கு எதிர்ல இருந்த அம்பாரத்து மேல ஏறிட்டேன். ஏன்னா மேற்க மேகம் கிழிஞ்சிருச்சு. வெயில் அப்படியே சரிஞ்சு வந்துச்சு. பாத்தியெல்லாம் ரோஸ் கலர். ஓலை ஈரத்துல மின்னுது. வரப்பு மேல வரிசையா முப்பது நாப்பது பேர். எனக்குக் கை நடுங்கலை. மூச்சைப் பிடிச்சேன், அழுத்தினேன். முப்பத்தாறு.

பிரிண்ட் வந்ததும் ஷைனி படத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வளவு ஷார்ப். கண் இமையை எண்ணலாம். மூக்குல வச்ச பஞ்சுல நூல் தெரியுது. கவுன் மேல ஒரு ஈ உட்கார்ந்திருக்கு, அதோட இறக்கை தெரியுது. நானூறுல இது வருமா? ஞானசெல்வி அக்கா வாங்கிப் பார்த்தாங்க. குப்புறக் கவுத்து வச்சிட்டாங்க. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஜெபராஜ் அண்ணன் பன்னெண்டு நாள் கழிச்சு வந்தார். அவர் ஆத்தா படத்தை எடுத்து அவர் கையில கொடுத்துச்சு.

“பாருல உன் மவளை. இவளைக் காய்ச்சல்ல போட்டுட்டு ஓலை மேயப் போனா உன் பொண்டாட்டி. படம் எடுக்கையிலகூட நவந்து போயிட்டா, பக்கத்துல நிக்க மனசில்ல மவராசிக்கு. என் கண்ணால பாத்தேன்.”

அந்தக் கிழவி சொன்னதும் பொய் இல்லை, கவனிங்க. ஓலை போடப் போனது நிசம். நகர்ந்து போனது நிசம்.

அக்கா சொல்லிப் பார்த்தாங்க. எங்க அம்மா போய், என் மகன்தான் அவளைத் தள்ளி நிக்கச் சொன்னான், என் காதால கேட்டேன்னு சொன்னாங்க. அவர் நம்பலை. “பரிஞ்சு பேசாதீங்க சித்தி. அப்படின்னா உங்க மவன் வந்து சொல்லட்டும்”னார். ராவும் பகலும் அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காராம். பிள்ளை தனியால்லா இருக்கு, ஒரு கைகூட இல்லையேன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுறாராம். கடைசியில அக்காகிட்ட சொல்லிட்டார். இன்னைக்கு லோடு ஏத்திக்கிட்டு கிளம்புறேன், திரும்பி வரும்போது நீ இந்த வீட்டுல இருக்கக் கூடாது, உங்க அம்மா வீட்டுக்குப் போயிருன்னு. அக்கா பெட்டி கட்டி வச்சிருக்காங்க. காலையில பார்த்தேன், கதவுக்கிட்ட இருந்துச்சு.

என்னை ஏன் பார்க்கிறீங்க? அவர் வந்து என்னைக் கேட்டா நான் சொல்லுவேன். நான் பொய் சொல்லுறவன் இல்லை. கேட்காதவர்கிட்ட நானாப் போய் எப்படிச் சொல்ல? அப்புறம் ஏன் தள்ளி நிக்கச் சொன்னேன்னு கேட்பார். ரோல் ஸ்லோன்னு சொல்லணும். அப்ப ஏன் ஸ்லோ ரோல் போட்டேன்னு கேட்பார். லாரிக்காரருக்கு இதையெல்லாம் விளக்க முடியுமா? ரோல் தேர்ந்தெடுத்ததுல தப்பே இல்லை. உப்பளத்துக்கு எடுத்த ரோலை எழவு வீட்டுல போட்டதுதான் தப்பு. அது என் தப்பா?

நேத்து லேப்லேருந்து பெரிய பிரிண்டை வாங்கிட்டு வந்தேன். வீட்டுல தரையில விரிச்சு, நாலு மூலையிலயும் டம்ளர் வச்சேன். அம்மா வந்து நின்னு பார்த்தாங்க. அம்பாரத்தைப் பார்க்கலை, மேகத்தைப் பார்க்கலை. குனிஞ்சு வரப்பைப் பார்த்தாங்க. சொன்னேன்ல, ஐம்பது எவ்வளவு இழுத்தாலும் தாங்கும்னு. அந்த வரிசையில ஒவ்வொருத்தர் முகமும் தெரியுது. முன்னால ஞானசெல்வி அக்கா. கையில பெட்டி. பெட்டி மேல கன்னத்தை வச்சுக்கிட்டு நடக்கிறாங்க. துளி ஆட்டம் இல்லை.

அம்மா நிமிர்ந்தாங்க. அப்புறம், “ரோல் முடிஞ்சிருச்சுன்னல்லா சொன்ன”ன்னாங்க.

நான் டம்ளரை எடுத்துட்டுப் படத்தைச் சுருட்டினேன். அவங்க திட்டலை. திட்டியிருந்தா நானும் பதிலுக்கு நாலு பேசியிருப்பேன். காலையில சோறு போட்டு, பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து ஏத்திவிட்டுட்டுப் போனாங்க. ஏன் வந்தாங்கன்னு தெரியாதா எனக்கு.

அந்தா, லாரி வரிசையா நிக்குதே, அதான் எடைமேடை. மூணாவது லாரி மேல நின்னு தார்ப்பாய்க்குக் கயிறு கட்டுறாரே, நீலச் சட்டை, அவர்தான் ஜெபராஜ் அண்ணன். இளைச்சிட்டார். கொஞ்சம் காலை ஒதுக்குங்க, அந்த ரெண்டு அக்காவும் இறங்கணுமாம்.

“தம்பி, நீ எறங்கல? எடைமேடையில எறக்கிவிடச் சொல்லி உங்கம்மா எங்கிட்ட சொன்னாங்களே.”

“இல்லண்ணே. தூத்துக்குடி. டிக்கெட்டைப் பாருங்க.”

கண்டக்டருக்கு ஞாபகம் ஜாஸ்தி. எடுக்கும்போதே தூத்துக்குடிக்குத்தான் எடுத்தேன், அவர்தான கிழிச்சுக் கொடுத்தார்.

வண்டி எடுத்துட்டான். பரவாயில்லை, நேரம் ஆகுது. அஞ்சு மணிக்குள்ள கொடுத்தாகணும். அம்மா ஒண்ணும் பெரிசாச் சொல்லலை அண்ணாச்சி. இறங்கி, லாரிக்கிட்ட போய், படத்தை விரிச்சு, முன்னால போறது யாருன்னு அவருக்கு விரலை வச்சுக் காட்டுன்னாங்க. ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம், விரலை மட்டும் வையின்னாங்க.

விரலெல்லாம் வைக்கக் கூடாது. ரேகை விழுந்திரும்.